பிரேக்குக்கு வளர்த்த கிடா

ரெங்கராஜ் கழற்றி எடுத்ததைப் பழந்துணியில் ஒரு துடைப்புத் துடைத்துச் செல்வராணியின் உள்ளங்கையில் வைத்தான். வெறும் இரும்புத் தகடு. அதன்மேல் விரல் கனத்துக்கு ஒட்டியிருக்க வேண்டிய பிரேக் பேடு முழுக்கத் தேய்ந்து, ஒரு ஓரத்தில் மட்டும் நகம் அளவுக்கு மிச்சமிருந்தது. தகடு இன்னும் ஆறவில்லை. கரிந்த வாடை அடித்தது.

“இதாங்க்கா ஒங்க வண்டியோட பிரேக்கு. நல்லாப் பாத்துக்கங்க. இரும்பும் இரும்பும் ஒரசிக்கிட்டுக் கெடக்கு. அந்தச் சத்தத்தத்தான் அண்ணே வீல் பேரிங்கு, வீல் பேரிங்குன்னு ஆறு மாசமாச் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.”

அண்ணன் என்று அவன் சொன்னது செல்வராணியின் புருஷன் அழகுவை. அழகு அந்நேரம் திருமயம் ரோட்டில் போகிற லாரிகளை எண்ணச் சொல்லி யாரோ சம்பளம் கொடுத்ததுபோல அங்கிட்டே பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறக்காமல் நழுவுவதில் அவனை அடித்துக்கொள்ள அரிமளம் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

பொம்பளைகள் பட்டறைக்கு வருகிற வழக்கம் இல்லை. செல்வராணி வந்தாள். புருஷனைத் தனியாக அனுப்பினால் பட்டறையில் சொன்ன தொகை வீட்டுக்கு வரும்போது பாதியாகிவிடும். மீதிப் பாதி ஒரு மாதம் கழித்து வேறு பெயரில் வந்து நிற்கும். நாலு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துவிட்டது. இன்றைக்கு நூறு நாள் வேலைக்குப் போகாமல் வண்டியிலேயே ஏறிக் கூட வந்துவிட்டாள்.

“மொத்தம் எவ்வளவு ஆகும் தம்பி? மறைக்காமச் சொல்லு.”

ரெங்கராஜ் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினான். முன் பிரேக் பேடு, டிஸ்க் இரண்டும், பின்னால் பிரேக் கட்டை, பிரேக் ஆயில். டைமிங் பெல்ட், அதோடு வாட்டர் பம்ப். இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள். முன்பக்கம் இரண்டு டயர். எழுதிக்கொண்டே போனான். அட்டை நிறைந்த பிறகு ஓரத்தில் கூட்டிப் போட்டான்.

“இருவத்தாறாயிரத்து எண்ணூறு.”

“என்னத்த ஒடஞ்சு போச்சுன்னு இம்புட்டு?”

“ஒண்ணும் ஒடயலக்கா. ஒடஞ்சா அது ரிப்பேரு. இது ரொட்டீனு. ஓட ஓடத் தேயும், தேயத் தேய மாத்தணும், அம்புட்டுத்தான். மீட்டரப் பாருங்க. மூணு லட்சத்துப் பன்னண்டாயிரம். இந்தக் கெழட்டு வண்டிக்கு மாசாமாசம் எதையாச்சும் ஒண்ணு மாத்தியிருக்கணும். அண்ணே பத்தாயிரத்துல மாத்துற ஆயில இருவதாயிரம் ஓட்டுறாரு. ரேடியேட்டருக்குப் போர்த்தண்ணி ஊத்துறாரு. உள்ள பூரா உப்புப் படிஞ்சு வெள்ளையாக் கெடக்கு.”

“சரி. பிரேக்குக்கு மட்டும் என்ன ஆகும்?”

“எட்டாயிரத்து எரநூறு. அதுல ஒத்த ரூவா கொறையாது. பெல்ட்டு அந்துச்சுன்னா இன்ஜின் போகும், ஒங்க காசு போகும். அது ஒங்க பாடு. பிரேக்கு அப்படியில்லக்கா. ஒம்போது புள்ளைய ஏத்துறீங்க.”

ஒன்பது இல்லை, பத்து. பத்தாவது செல்வராணியின் மகள் ஹரிணி. எட்டாம் வகுப்பு. திருமயத்து மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்துக்கு, ஏழு பேர் உட்காரும் அந்த வெள்ளை டீசல் வண்டியின் பின் சீட்டில் மூலையில் ஒடுங்கிக்கொண்டு போய் வந்தாள்.

திருச்சியில் ஒரு டிராவல்ஸ்காரனிடம் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு வாங்கிய வண்டி. வாங்கும்போதே ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி அலுத்திருந்தது. செல்வராணியின் கழுத்தில் கிடந்தது பாதி, பைனான்ஸ் பாதி. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுவில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வருகிற செட்டியார் வீட்டு ஆட்களுக்கு வாடகை. அந்த வாடகையும் இப்போது குறைந்துவிட்டது. போன தையில் ஆதப்பன் செட்டியார் ஏறி உட்கார்ந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அழகு, என்னப்பா வண்டிக்குள்ள இப்பிடி நாறுது?” என்று கேட்டார். பிள்ளைகள் வாந்தி எடுத்து எடுத்து சீட்டுக்குள் ஊறிப்போன நாற்றம். செல்வராணிதான் வாரம் தவறாமல் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கிறாள். மேலே போகும், வெயில் ஏற ஏறத் திரும்ப வரும். செட்டியார் அடுத்த தடவை வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

செல்வராணி தகட்டை ரெங்கராஜின் கையில் திரும்பக் கொடுத்தாள்.

“வீட்டுல ஒரு கெடா நிக்கிது. பதினோரு மாசம் ஆச்சு. பதினோராயிரம் வெல கேட்டுட்டுப் போயிருக்காரு வியாபாரி. வியாழக்கெழம வருவாரு. வெள்ளிக்கெழம காலைல வண்டிய இங்கிட்டுக் கொண்டாந்து விடுறோம். மொதல்ல பிரேக்கப் போடு. மத்தத ஒண்ணொண்ணாப் பாப்போம்.”

“அப்பிடிச் செய்யிங்கக்கா. அதுவரைக்கும் மெதுவா ஓட்டச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு ரெங்கராஜ் அந்தத் தகட்டையே எடுத்துத் திரும்ப மாட்டினான். வேறு வழியில்லை, தெரிந்ததுதான். ஆனாலும் இவ்வளவு பேசிவிட்டு, கையில் வைத்துக் காட்டிவிட்டு, அதே இரும்பை அதே இடத்தில் வைத்து போல்ட்டை முறுக்கியதைப் பார்க்க அவளுக்கு என்னவோபோல இருந்தது.

திரும்பி வரும்போது வண்டி ஒவ்வொரு வளைவிலும் கர்ரென்று கத்தியது. வீட்டு வாசலில் இறங்கியதும் அழகு சொன்னான்: “ரெங்கராஜ் இப்ப ரொம்பப் பேச ஆரம்பிச்சுட்டான்.”

வாசல் என்று அதைச் சொல்வதற்கில்லை. வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டிச் சொட்டி மண் தார் மாதிரி இறுகிப்போயிருந்தது. கோலம் போட இடம் இல்லை. கோழிகள் அதில் மிதித்துக்கொண்டு வந்து அடுப்படியில் கறுப்புக் கால்தடம் வைத்தன. செல்வராணி அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் சேலையைத் தூக்கிக்கொண்டுதான் தாண்டுவாள்.

கொட்டகையில் மூன்று பெட்டை ஆடுகளும் அந்தக் கிடாவும் நின்றன. குட்டியாக இருந்தபோதே பால் பற்றாமல் புட்டியில் கஞ்சித்தண்ணீர் கொடுத்து வளர்த்தது. கருவேலங்காய் பொறுக்கி, அகத்திக்கொழை ஒடித்து, மழை நாளில் வீட்டுக்குள் கட்டி வளர்த்த கிடா. கரி மாதிரி உடம்பு, ஒரு வெள்ளை மயிர் கிடையாது. வியாபாரி அதைப் பெரிதாகச் சொல்லித்தான் ஐநூறு கூடக் கேட்டிருந்தார். அந்த நிறமே அதற்கு எமனாக வந்தது.

அன்று சாயங்காலம் செல்வராணியின் அண்ணன் செல்லமுத்து வந்தான். ஊரில் யார் வீட்டுக் காரியமானாலும் கூப்பிடாமலே முன்னால் நிற்பவன். தன் வீட்டுக் கூரை ஒழுகுவது மட்டும் அவன் கண்ணில் படாது. வந்ததும் தண்ணீர் கூடக் கேட்காமல் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“மாப்ள, அன்னவாசப் பக்கம் கோடாங்கிட்டப் போயிட்டு வாரேன். ஒங்க வண்டிக்குத்தான் குறி கேட்டேன்.”

“யாரு கேக்கச் சொன்னா?” என்றாள் செல்வராணி.

“நீ செத்த சும்மா இரு. மாப்ள, நான் சொல்றதக் கேளு. வைகாசியில நாய்க்குட்டி அடிபட்டுச்சா இல்லையா?”

“ஆமா மச்சான்.”

“ஆனியில கம்மாக்கர வளைவுல வண்டி வயலுக்குள்ள எறங்குச்சா இல்லையா?”

“எறங்குச்சு. வெறும் வண்டியாப் போனதால தப்பிச்சோம்.”

“மூணாவது என்னன்னு நெனக்கிற? காவு கேக்குது மாப்ள. வண்டி வாங்குன அன்னைக்கு நாலு எலுமிச்சம்பழத்தோட முடிச்சுட்டீங்க. ஆலடிக் கருப்பரு நாலு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்காராம். கறுத்த கெடா வேணுமாம். வெள்ள முடி இருக்கக் கூடாதாம்.”

செல்வராணிக்குச் சுள்ளென்று ஏறியது. “வெள்ள முடி இல்லாத கெடா எங்க வீட்டுல நிக்கிறது கோடாங்கிக்கு எப்பிடித் தெரியும்? நீ சொன்னியா?”

“சாமிக்குத் தெரியாததா?”

“அண்ணே, காவும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. பிரேக்கு இல்ல. தேஞ்சு போச்சு. என் கையில வச்சுக் காட்டுனான். அந்தக் கெடா பிரேக்குக்கு. வியாழக்கெழம வியாபாரி வாராரு.”

“பிரேக்கு தேஞ்ச வண்டி ஊருல எத்தன ஓடுது? எல்லாமா வயலுக்குள்ள எறங்குது? ஒங்க வண்டி மட்டும் ஏன் எறங்குச்சு?”

அவள் புருஷனைப் பார்த்தாள். அழகுவின் முகம் வெளுத்திருந்தது.

“மச்சான் சொல்றதுலயும் இருக்கு செல்வராணி. அன்னைக்குக் காலு பிரேக்கு மேலதான் இருந்துச்சு. அமுக்குறேன், அமுக்குறேன், நிக்கல. யாரோ பின்னாடி இருந்து தள்ளுன மாதிரி இருந்துச்சு. ஒங்கிட்டச் சொன்னா பயப்படுவேன்னு சொல்லல.”

“பிரேக்கு இல்லாட்டி அப்பிடித்தாங்க இருக்கும்! அதத்தான அந்தப் பய படிச்சுப் படிச்சுச் சொன்னான்!”

“ரெண்டையும் பாத்துருவோம். மொதல்ல சாமிக்கு. பொறவு பிரேக்கு.”

“கெடா ஒண்ணுதான இருக்கு?”

செல்லமுத்து வெற்றிலையை மடித்து வாயில் போட்டான். மெல்ல மெல்லச் சொன்னான்: “நான் ஒண்ணும் எனக்காகச் சொல்லல ஆத்தா. ஒம் மகளும் அதே வண்டியிலதான் போகுது. கெடாயத் தரமாட்டேன்னு நீ பிடிவாதம் பண்ணி, அவரு புள்ளையக் கேட்டுட்டா என்ன செய்வ?”

ஹரிணி உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சை எடுத்த நாக்கு அழுகட்டும் என்று செல்வராணி மனசுக்குள் அண்ணனைச் சபித்தாள். சபித்தாளே தவிர, பயம் வந்துவிட்டது. பயம் வந்த பிறகு ரெங்கராஜ் கையில் வைத்த தகடும் பொய்யாகத் தெரிந்தது. அவளே எழுந்து போய்க் கிடாவை அவிழ்த்துக் கொண்டுவந்து அண்ணனிடம் கயிற்றைக் கொடுத்தாள். இதை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

ஆலடிக் கருப்பர் கோயில் கண்மாய்க்கு அந்தப்பக்கம் பொட்டலில் இருக்கிறது. கூரை இல்லை. ஒரு ஆலமரம், நாலு அரிவாள், நட்டுவைத்த கல். பொம்பளைகள் அங்கே போகக் கூடாது. சமைப்பது ஆண்கள், தின்பது ஆண்கள். ஒரு துண்டு கறி ஊருக்குள் வரக் கூடாது; மிஞ்சினால் அங்கேயே குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஆக, வளர்த்தவளுக்கு வால் முடி கூடக் கிடையாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு பேர் போனார்கள். வண்டியைக் கழுவி மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள். அரிசி, மசாலா, சுருட்டுக் கட்டு, சாமிக்கு வைக்கிற பாட்டிலோடு சாமி பெயரைச் சொல்லிக் குடிக்கிற பாட்டில்கள், பூசாரிக்கு வேட்டி துண்டு என்று ஆறாயிரத்து முந்நூறு ஆனது. அந்தப் பணம் ஏது என்று அவள் கேட்டாள். வேன் பீஸ் அடுத்த மாதத்துக்கு உள்ளதை முன்கூட்டியே ஐந்தாறு வீட்டில் வாங்கியதாக அழகு சொன்னான்.

“என்னான்னு சொல்லி வாங்குனீங்க?”

“வண்டிக்கு வேல பாக்கணும்னு சொன்னேன்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கிடா பதினோராயிரம், கைக்காசு ஆறாயிரத்து முந்நூறு. பிரேக்கு போட்டு மீதியில் பெல்ட்டும் மாற்றியிருக்கலாம்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. முன்னால் நம்பர் பிளேட்டிலும் பம்பரிலும் நாலு சக்கரத்திலும் கிடாவின் ரத்தத்தைக் கையால் எடுத்துப் பூசியிருந்தார்கள். பானட்டில் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை. சுருட்டு நாற்றமும் சாராய நாற்றமும் பச்சை ரத்த வாடையும் ஏற்கெனவே இருந்த வாந்தி வாடையோடு சேர்ந்து, கதவைத் திறந்ததும் அவள் வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டாள். பின் சீட்டிலிருந்து பனியன் பூராவும் குழம்பு சிந்தி இறங்கியவன் ரெங்கராஜ்.

“நீயுமா தம்பி?”

ரெங்கராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அண்ணே கூப்புட்டாரு. சாமி காரியம்... வரமாட்டேன்னா சொல்ல முடியும்?”

“பிரேக்கு சரியாயிருச்சா?”

அவன் பல்லிடுக்கில் மாட்டியிருந்த நாரை நாக்கால் தள்ளிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தான். செல்வராணிக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தெரியாதவன் தின்றால் ஒன்றுமில்லை. இவன் தெரிந்து தின்றவன்.

“மூணு நாளைக்கு ரத்தத்தக் கழுவக் கூடாது,” என்று சொல்லிவிட்டு அழகு படுத்துக் குறட்டை விட்டான்.

திங்கட்கிழமை காலையில் பம்பர் முழுக்க ஈ. ஆடி வெயிலில் ரத்தம் காய்ந்து கறுத்து ஓரத்தில் உரிந்துகொண்டிருந்தது. வழக்கம்போலத் தெருப் பிள்ளைகள் எல்லாம் செல்வராணி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்துதான் வண்டி கிளம்பும். யூகேஜி படிக்கிற அஜித் குனிந்து பார்த்துவிட்டு, “அத்தே, இது என்னா?” என்றான்.

“குங்குமம்டா,” என்றாள் செல்வராணி.

ஒவ்வொன்றாக ஏறின. டிபன் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஒன்றின் மடியில் ஒன்று. ஹரிணி கடைசியாக ஏறப் போனாள். செல்வராணியின் கை தானாகப் போய் அவள் பையைப் பிடித்து இழுத்தது.

“நீ பஸ்ஸுல போ.”

“ஏம்மா?”

“எடம் பத்தல பாரு. சின்னப் புள்ளைங்க நசுங்குதுங்க. டவுன் பஸ்ஸுல பொம்பளைக்கு டிக்கெட்டுக் கெடையாது. போ.”

ஹரிணி முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அழகு கண்ணாடி வழியாகப் பொண்டாட்டியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். வண்டி தெருமுனையில் கர்ரென்று கத்திவிட்டுத் திரும்பியது.

அன்றிலிருந்து ஹரிணி பஸ்ஸில்தான் போனாள். ஆறேழு நாள் கழித்துச் சாப்பிடும்போது அழகுவே பேச்சை எடுத்தான்.

“இப்பப் பாத்தியா? ஒரு வாரமாச்சு. ஒரு சின்ன ஒரசல் கெடையாது. அவரு புடிச்சு நிறுத்துறாரு.”

“சத்தம் வருதுல்ல?”

“சத்தம் வரும். பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்.”

“அந்தப் பெட்டையாடு மூணையும் வித்துப் பிரேக்கப் போட்டுருவோங்க. கால்ல வேணாலும் விழுறேன்.”

“செனையாட்டப் போயி விக்கச் சொல்றியே, கூறு இருக்கா? அடுத்த மாசம் ரெண்டு கல்யாண வாடக வருது. அதுல போட்டுருவோம். சாமிக்குக் கொடுத்துட்டு மறுநாளே பட்டறைல கொண்டுபோயி நிறுத்துனா, நம்பிக்கை இல்லாமச் செஞ்சதா ஆகிரும். அப்புறம் மச்சான் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?”

“அப்ப ஹரிணிய ஏன் ஏத்தச் சொல்ல மாட்டேங்கிறீங்க?”

அழகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “நீதான எடம் பத்தலன்ன?” என்றான் கடைசியில். அவன் கண் இலையை விட்டு நிமிரவில்லை.

அவளுக்கு அந்த ஆளின் மேல் வந்த வெறுப்பில் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து நின்றாள். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, வெறுப்பு அவனோடு நிற்கவில்லை. அவனாவது கருப்பரை நம்பினான், பாதியாவது நம்பினான். அவளுக்கு ஒரு மண்ணும் நம்பிக்கை இல்லை. தன் மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஊரான் பிள்ளைகள் ஒன்பதைத் தினமும் காலையில் தன் கையால் ஏற்றிக் கதவைச் சாத்துகிறாள். வண்டி நின்றால் மாதம் பத்தாயிரம் நிற்கும், பைனான்ஸ்காரன் வாசலுக்கு வருவான், ஹரிணிக்குப் பள்ளிக்கூடத்துப் பணம் கட்ட முடியாது. இதையெல்லாம் சொல்லித் தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். சமாதானம் ஆகவில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் அடுப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து நின்றுவிடுவாள். வண்டி தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவாள். பிறகு மறுநாள் காலை மறுபடியும் ஏற்றுவாள்.

பதினோராவது நாள் வியாழக்கிழமை. விடிகாலையிலிருந்து தூறல். கண்மாய்க்கரை ரோடு களிமண். நாலு துளி விழுந்தாலே சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். செல்வராணி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். அழகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைகள் குடையும் பாலிதீன் பையுமாக வந்தன. அவர்களைக் கொண்டுவந்து விட்ட தாய்மார்கள் நாலைந்து பேர் ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே ஒதுங்கினார்கள். அஜித்தின் அம்மா இந்துமதி கையில் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். அவள் புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை.

“இந்தாங்கக்கா, பணியாரம். சூடா இருக்கு. ஹரிணிக்குக் குடுங்க.”

“எதுக்கு இந்துமதி இதெல்லாம்?”

“இருக்கட்டுங்கக்கா. எத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.” இந்துமதி மற்ற பொம்பளைகளின் பக்கம் திரும்பினாள். “ஒங்களுக்கெல்லாம் தெரியுமா? வண்டியில எடம் பத்தலன்னு பெத்த மகள பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு, நம்ம புள்ளைங்களுக்கு எடம் விடுறாங்க. இந்த மழையில அது அங்க நனஞ்சுக்கிட்டு நிக்கிது. யாருக்கு வரும் அந்த மனசு? எங்க வீட்டுக்காரரு போன்ல கேக்குறப்பல்லாம் சொல்லுவேன், புள்ளையப் பத்திக் கவலப்படாதீங்க, செல்வராணியக்கா பாத்துக்கிறாங்கன்னு.”

“அது என்னமோ வாஸ்தவந்தான்,” என்றாள் இன்னொருத்தி.

தூக்குவாளி செல்வராணியின் கையில் சுட்டது. நெய்யும் ஏலக்காயும் மணத்தது. சாய்ப்பின் ஓரத்தில் வாளியை வைத்தாள். பிள்ளைகள் ஏறியதும் அழகு கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டான். முன் சீட்டில் அஜித்தின் தலை மட்டும் தெரிந்தது. அவன் கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, அதில் விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

செல்வராணி மழையில் இறங்கி ஓடி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“நிறுத்துங்க! புள்ளைங்கள எறக்குங்க!”

“ஏய், என்னடி? பைத்தியமா ஒனக்கு? தள்ளு அங்கிட்டு!”

“எறக்குங்கன்னா எறக்குங்க!” அவளே போய்க் கதவை இழுத்துத் திறந்தாள். கைக்கு அகப்பட்ட பிள்ளையைத் தூக்கிக் கீழே விட்டாள். “இந்துமதி, ஒம் புள்ளைய எறக்கு. எல்லாரும் எறக்குங்க. இந்த வண்டியில பிரேக்கு இல்ல. தேஞ்சு போச்சு. வெறும் இரும்புதான் இருக்கு. அதுக்கு வச்சிருந்த கெடாயச் சாமிக்கு வெட்டித் தின்னுட்டாக. ஒங்க கிட்ட வாங்குன காசயும் அதுலயே போட்டுத் தின்னுட்டாக. கம்மாக்கர வழுக்கும். வேணாம். ஏத்தாதீங்க.”

தாய்மார்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். கதவுகள் திறந்தன. பிள்ளைகள் அழுதன. ஒருத்தி, “அட நாசமாப் போறவனே!” என்று அழகுவைப் பார்த்துக் கத்தினாள். இன்னொருத்தி கொடுத்த பணத்தை இப்போதே வை என்றாள். அழகு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தான். சாவியைத் திருப்பக் கூடத் தோன்றாமல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

செல்வராணிக்கு நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கிவிட்டதுபோல இருந்தது. பத்தாயிரம் போகட்டும், பைனான்ஸ்காரன் வண்டியை இழுத்துக்கொண்டே போகட்டும், பிள்ளைகள் பிழைத்துவிட்டன. சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள்.

இந்துமதி மட்டும் கத்தவில்லை. அஜித்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, மழையில் நனைந்தபடி நின்றாள். எதையோ கூட்டிப் பார்ப்பவள்போல அவள் முகம் இருந்தது. பார்வை தெருக்கோடிக்குப் போனது. அங்கே பஸ் ஸ்டாப்பில் ஹரிணி புத்தகப்பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ஹரிணி என்னைக்கிலேருந்து பஸ்ஸுல போகுது?”

செல்வராணியும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள்.

“போன திங்கக்கெழமைக்கு முந்துன திங்கக்கெழம. அன்னைக்குத்தான் குங்குமம்னு எம் மகன் வந்து சொன்னான்.” இந்துமதியின் குரல் உயரவே இல்லை. “பதினோரு நாளு. பதினோரு நாளா ஒங்க மகளுக்கு மட்டும் எடம் பத்தல. இல்லையாக்கா?”

“இந்துமதி... நான்...”

இந்துமதி காறித் துப்பினாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

எச்சில் தரையில்தான் விழுந்தது. செல்வராணி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.